ஏர்போர்ட்டுல காட்ட வேண்டிய சேலை

வெளிநாட்டுக்குச் சுத்திப் பாக்கப் போறவுங்க அங்க ஒரு சாமான் வாங்குனா, அதுக்குப் போட்ட வரிய ஊருக்குத் திரும்பையில ஏர்போர்ட்டுலேயே திருப்பிக் குடுத்துருவாங்கன்னு எனக்கு மொதல்ல சொன்னது என் தங்கச்சிதான். சிங்கப்பூருல இருந்து போன்ல சொன்னா. நான் நம்பல. நம்ம ஊருல பேக்கரியில ஒரு கேக்கு வாங்குனாலும் ஜிஎஸ்டி. வாங்குன வரிய எந்த சர்க்காரு திருப்பிக் குடுத்துருக்கு?

"ஏ புள்ள, ஒடம்பு முடியாம இருக்கையில இப்புடி வாய்க்கு வந்ததெல்லாம் பேசாத"ன்னேன்.

"நீ வந்து பாருண்ணே. ஒன்னய அந்த லைன்லயே நிக்க வச்சுக் காட்டுறேன்"னா.

ஒடம்பு முடியாம இருந்தது நெசம். வயித்துல கட்டி. அறுத்துப் பாத்துட்டு, இனி ஒண்ணும் செய்யிறதுக்கில்லன்னு தச்சு அனுப்பிட்டாங்க. அவ மகன், எனக்கு மருமகன் முறை, அவன்தான் சொன்னான். "மாமா, அம்மா ஊருக்குப் போகணும்னு ஒரே பிடிவாதமா இருக்கு. எனக்கு லீவு கெடைக்கல. நீங்க வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" அவளக் கூட்டியாரத்தான் நான் போனேன். வேற ஒரு சோலியும் எனக்கு அங்கிட்டுக் கெடையாது.

பாஸ்போர்ட்டு எடுக்கப் போனதே ஒரு கூத்து. எனக்கு கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிதான் பொழப்பு. சின்ன வயசுல இருந்து கொட்டைய வறுத்து ஒடைச்சு ஒடைச்சு, அந்த ஓட்டுல இருக்குற எண்ணெ பட்டு விரல்ல இருந்த ரேகையெல்லாம் போயிருச்சு. ரேஷன் கடையில மிஷின்ல வெரல வச்சா எடுக்கவே எடுக்காது. கடைக்காரப் பையன், "பெரியவரே, ஒங்கள மிஷினு ஆளாவே மதிக்க மாட்டேங்குது"ம்பான். பாஸ்போர்ட்டு ஆபீசுலயும் அதே பாடுதான், சிங்கப்பூருல எறங்குனதும் அதே கததான். கட்டவெரல வைக்கச் சொன்னாங்க. தொடச்சுட்டு வைக்கச் சொன்னாங்க. தண்ணி தொட்டு வைக்கச் சொன்னாங்க. பெறகு ஒரு ரூம்புல உக்கார வச்சு, எவனோ பெரிய ஆபீசரு வந்து என் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, போங்கன்னு விட்டான். வெளிய வந்தா மருமகன் சக்கர நாக்காலியத் தள்ளிக்கிட்டு நிக்கிறான். அதுல என் தங்கச்சி உக்காந்துருக்கா.

எனக்கு அவள அடையாளமே தெரியல. அம்புட்டு எளச்சுட்டா. கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்கிது. நான் அழுதுறக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அவளே ஆரம்பிச்சா.

"ஏண்ணே இம்புட்டு நேரம்? திருட்டு நகை கொண்டாந்தியா?"

வெரல் கதையச் சொன்னேன். "ரேகையே இல்லாத ஆளு. நீ களவாங்கப் போயிருந்தா ஒன்னய ஒரு போலீசும் புடிச்சிருக்க முடியாது. முந்திரிய ஒடச்சுக் காலத்தப் போக்கிட்டியேண்ணே"ன்னு சிரிச்சா. சிரிச்சதுல வயித்தப் புடிச்சுக்கிட்டா.

வீட்டுக்குப் போகலாம்னான் மருமகன். அவ கேக்கல. "மொதல்ல அண்ணனுக்கு அந்த எடத்தக் காட்டணும், மாடிக்குத் தள்ளு"ன்னா. ஏன்னு கேட்டா, அந்த ஏர்போர்ட்டுலதான் அவ வருசக் கணக்கா வேல பாத்தா. கூட்டித் தொடைக்கிற வேல. மச்சான் அங்க கப்பல் கட்டுற பட்டறையில வேல பாத்தாரு. கலியாணம் முடிச்சு ரெண்டு வருசத்துல அவளையும் கூட்டிக்கிட்டாரு. மருமகன் பள்ளிக்கூடத்துல படிக்கையில அவரு மாரடைப்புல போயிட்டாரு. ஊருக்கு வந்துருத்தான்னு நான் எம்புட்டோ கூப்புட்டேன். அந்த வருசம் எங்களுக்கு மழையும் இல்ல, கெணத்துல தண்ணியும் இல்ல. அவ அதக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, "ஒனக்கு நான் வேற பாரமா"ன்னுட்டு அங்கயே வேலைக்குச் சேந்துட்டா. அப்ப சேந்தவதான், கட்டி வந்து விழுற வரைக்கும் அந்தத் தரையத்தான் தொடச்சா.

மாடியில வரிசையா மிஷினு நிக்கிது. நம்ம பேங்குல பணம் எடுக்குற மிஷினு மாதிரி. அதுக்கு அங்கிட்டு ஒரு கவுண்டரு. வெள்ளக்காரங்க, சீனாக்காரங்க, நம்ம ஆளுக, எல்லாரும் பை பையா வச்சுக்கிட்டு லைன்ல நிக்கிறாங்க.

"பாத்தியா, நான் பொய்யா சொன்னேன்?"ன்னா. "அந்த மிஷின்ல பாஸ்போர்ட்டக் காட்டணும். என்னென்ன வாங்குனோம்னு அதுவே சொல்லும். சில பேருக்கு அப்புடியே காசு வந்துரும். சில பேர கவுண்டருக்கு அனுப்பி, வாங்குன சாமானக் காட்டுன்னும். அந்தச் சாமான் இந்த நாட்ட விட்டு ஒன்னோட வெளிய போகணும். அதுதான் கணக்கு. இங்கயே தின்னுட்டுப் போனா, இங்கயே யாருக்கும் குடுத்துட்டுப் போனா, கெடையாது."

"நீ வாங்கிருக்கியா?"

"எனக்கு எப்புடித் தருவான்? நான் இந்த ஊருக்காரியா ஆயிட்டேன்ல. வெளியாளுக்குத்தான்." கொஞ்ச நேரம் அந்த லைனையே பாத்துக்கிட்டு இருந்தா. "இவுங்க காலுக்கு நடுவுல தொடப்பத்த விட்டு விட்டுக் கூட்டிருக்கேண்ணே. எல்லாம் ஊருக்குப் போற ஆளுக. மூஞ்சியப் பாரு, எம்புட்டுச் சந்தோசம். ஒரு நாளாச்சும் நானும் கையில ஒரு பையோட இதுல நிக்கணும்னு நெனப்பேன். இந்தவாட்டி ஒன் பாஸ்போர்ட்ட வச்சு நிக்கப் போறேன்."

இத நான் பெருசா எடுத்துக்கல அப்ப. சீக்காளி ஆசப்படுறா, நடக்கட்டும்னு நெனச்சேன்.

டாக்டரு பாத்துட்டு, இப்ப இருக்குற நெலமையில பிளேன்ல போகலாம், நாள் கடத்தாதீங்கன்னு காயிதம் குடுத்தாரு. எனக்கும் அவளுக்கும் சேத்து திருச்சிக்கு டிக்கெட்டு போட்டான் மருமகன். ஊருக்குப் போனப் போட்டு, திருச்சிக்கு ஒரு வேனு பேசிருங்க, சீக்காளி படுத்துக்கிட்டு வர்ற மாதிரி இருக்கணும்னு என் பொண்டாட்டிக்கிட்டச் சொல்லிட்டேன். அவ ஏற்கனவே வெந்நி போட வசதியா இருக்குற ரூம்ப ஒழிச்சு வச்சுட்டா. பாத்ரூமுல புடிச்சுக்கிறதுக்குக் கம்பியும் அடிச்சாச்சுன்னா.

அடுத்து சேலை எடுக்கக் கெளம்புனோம். தேக்கான்னு ஒரு எடம், பூராம் நம்ம கடைகதான். பொங்கலுக்குப் பொறந்த வீட்டுல இருந்து சேலை எடுத்துக் குடுக்குறது எங்க பக்கத்து மொற. அவ கடல் தாண்டுனதுக்கப்பறம் அது விட்டுப் போச்சு. ஆளு போனாக் குடுத்து விடுவேன், இல்லாட்டி இல்ல. அதனால இந்தத் தடவ என் கையால எடுத்துக் குடுத்துறணும்னு முந்திரி வித்த காச திருச்சியிலேயே டாலரா மாத்தி மடியில வச்சிருந்தேன்.

கடையில அவளுக்கு முன்னாடி பத்துச் சேலையப் பிரிச்சுப் போட்டாங்க. அவ சாம்பக் கலர்ல ஒண்ணத் தொட்டா.

"அது என்னத்துக்கு, சீக்காளிச் சேல மாதிரி"ன்னேன். "இந்தா, கத்திரிப்பூக் கலரு. இத எடு."

"தாலிய அறுத்துப் போட்டவளுக்கு இம்புட்டுப் பளபளப்பு எதுக்குண்ணே. ஊருல சிரிப்பாளுக."

"சிரிக்கட்டும். ஒனக்கென்ன, நீ சிங்கப்பூர்க்காரி."

அவ கத்திரிப்பூக் கலர மடியில எடுத்து வச்சுக்கிட்டா. பில்லு போடுற எடத்துல மருமகன் கார்ட நீட்டுனான். கையத் தட்டி விட்டேன். "பொறந்த வீட்டுச் சேலைக்கு நீ காசு குடுக்குறதா மாப்ள?" அவளும் சேந்துக்கிட்டா: "எடுறா அந்தக் கார்ட. மாமன் காசுலதான் எடுக்கணும். அதோட, வெளியாளு காசாத்தான் இருக்கணும், தெரியும்ல?" பில்லு போட்ட பையன், "ஐயா விசிட்டரா, பாஸ்போர்ட்டு இருக்கா"ன்னு கேட்டான். "விசிட்டருதாந்தம்பி. இந்த மூஞ்சியப் பாத்தா சிங்கப்பூரு மூஞ்சியாவா இருக்கு?"ன்னா என் தங்கச்சி. கடையில இருந்தவுங்க எல்லாம் சிரிச்சாங்க. பாஸ்போர்ட்ட வாங்கி ஒரு தட்டு தட்டிட்டுத் திருப்பிக் குடுத்தான். அம்புட்டுத்தான். அந்தச் சேலை என் பேருல பதிஞ்சு போச்சு.

வீட்டுக்கு வந்து, "கட்டிப் பாரு புள்ள, எப்புடி இருக்குன்னு பாப்போம்"ன்னேன்.

"பிரிக்கக் கூடாது. அந்த கவுண்டருல எத்தன பேரப் பாத்துருக்கேன். வெலச் சீட்டப் பிச்சுக் கட்டிட்டு வந்து நிப்பாளுக, இது புதுசா பழசான்னு ஆயிரம் கேள்வி கேப்பான். எதுக்கு வம்பு? ஏர்போர்ட்டுல காட்டிட்டு, திருச்சியில எறங்குனதும் கட்டிக்கிறேன்."

"வரியா முக்கியம்? அந்தக் காசு போனாப் போகுது."

"ஒனக்குத் தெரியாதுண்ணே, பேசாம இரு."

நெசமாவே அவளுக்குக் காசு முக்கியமில்ல. வர்ற காசுல அங்கயே எனக்குக் காப்பி வாங்கித் தாரேம்பா. "என் காசுலயே எனக்குக் காப்பியா"ம்பேன். "இல்ல, இது சிங்கப்பூர்க்காரன் குடுக்குற காசு"ம்பா. ஒரு நாளைக்கு ரெண்டு தரம் இந்தப் பேச்சு ஓடும். சேலைய கண்ணாடிக் கவரோட தலமாட்டுல வச்சிருந்தா. நம்ம ஊருல புள்ளைக புதுச் செருப்பப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தூங்குமே, அப்புடி. வலி ஜாஸ்தியானா கவருக்கு மேலயே தடவிக்கிட்டுக் கெடப்பா.

எனக்குப் பாடம் வேற நடக்கும். "மிஷினு கேக்குறதுக்கெல்லாம் நீ பாட்டுக்கு ஆமா ஆமான்னு அமுக்கிராத. நான் சொல்றத அமுக்கு. கவுண்டருல நீ பேசவே கூடாது. பாஸ்போர்ட்ட மட்டும் குடு. சேலைய நான் காட்டுவேன்."

"என்னய ஊமைன்னு நெனச்சுக்கப் போறான்."

"நெனச்சுக்கட்டும். நீ பேசுனா முந்திரியில ஆரம்பிச்சு முடிக்க மாட்ட. பின்னாடி நிக்கிறவன் பிளேனு போயிரும்."

ஒரு நா வெள்ளன காப்பி ஆத்திக் குடுத்தேன். ரெண்டு மொடக்குக் குடிச்சா. தொண்டையில எறங்கலன்னா. சாச்சுப் படுக்க வச்சேன். மருமகன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். ஆஸ்பத்திரியில ஒரு திரைய இழுத்து விட்டுட்டு எங்கள வெளிய நிக்கச் சொன்னாங்க. டாக்டரு வெளிய வந்து மருமகன் தோளுல கைய வச்சதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. அடுத்த வாரத்துக்குத்தான் டிக்கெட்டு.

பொணத்த ஊருக்குக் கொண்டாந்துரலாமான்னு கேட்டேன். முடியும்தான், ஆனா மருமகன், "அப்பாவ இங்கதான் எரிச்சோம் மாமா. நாளைக்கு நான் வந்து நிக்கிறதுக்கு ரெண்டு பேரும் ஒரே எடமா இருக்கட்டுமே"ன்னான். பெத்த மகன். சரின்னுட்டேன்.

எங்க பக்கம் ஒரு பொம்பள கண்ண மூடுனா, பொறந்த வீட்டுக் கோடிதான் மேல மொதல்ல விழணும். கோடின்னா புதுச் சேலை. கூடப் பொறந்தவன் கொண்டாந்து போத்தணும். அதுக்கப்பறந்தான் மத்தவுங்க போடுறது எல்லாம். அவுங்க மாடி வீட்டுக்குக் கீழ பொதுவுல ஒரு எடம் இருக்கு, அங்கதான் கெடத்துனாங்க. கூட வேல பாத்த பொம்பளைக நெறையா வந்திருந்தாங்க. பக்கத்து வீட்டு ஆத்தா ஒண்ணு, தஞ்சாவூருப் பக்கம், "பொறந்த வீட்டுக் கோடி யாரு போடுறது"ன்னு கேட்டுச்சு.

நான் மேல போயி அந்தச் சேலைய எடுத்துக்கிட்டு வந்தேன்.

"இது எப்ப எடுத்தது?"ன்னுச்சு அந்த ஆத்தா. சொன்னேன். "உசுரோட இருக்கையில எடுத்தத கோடியாப் போடக் கூடாதுய்யா. செத்ததுக்கப்பறம் எடுத்ததாத்தான் இருக்கணும்"னுச்சு. அது சொல்றது மொறதான். எங்க ஊருலயும் அப்புடித்தான். மருமகன், "நான் போயி வேற வாங்கிட்டு வாரேன் மாமா"ன்னான். சொல்லிட்டு என் கையில இருக்குறதப் பாத்தான். "அது ஒங்க பாஸ்போர்ட்டுல இருக்கே மாமா. ஏர்போர்ட்டுல காட்டச் சொல்லுவாங்களே"ன்னான்.

சொன்ன வாய அப்புடியே பொத்திக்கிட்டான். பொத்திக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். பாவம், ஆத்தாக்காரி சொல்லிச் சொல்லி அவனுக்கும் மனசுல அதே ஓடிக்கிட்டு இருந்துருக்கு.

"வேற வாங்க வேணாம்"னேன். "அவ கட்டணும்னு வச்சிருந்த சேலை இருக்கையில, கடையில போயி இன்னொண்ணப் பாக்க எனக்கு மனசு வராது. இத மேல போத்த வேணாம்த்தா. கட்டி விடுங்க. உசுரோட எடுத்த சேலை, கட்டிக்கட்டும். எது மொற தப்புன்னாலும் அது என்னோட போகட்டும்."

அந்த ஆத்தா என்னய ஒரு பார்வ பாத்துச்சு. அப்பறம் பொம்பளைகளக் கிட்டக் கூப்புட்டுச்சு. நான் கவரக் கிழிச்சு, சீட்டப் பிச்சு, மடிப்ப ஒதறிக் குடுத்தேன். பொம்பளைக சுத்தி நின்னு மறச்சுக்கிட்டுக் கட்டி விட்டாங்க. அவ எளச்சுப் போனதுக்குச் சேலை ரெண்டு சுத்துக் கூடவே வந்துச்சு. மடிப்பு வச்சு மடிப்பு வச்சு வயித்துக் கட்டிக்கு மேல நல்லா பொத்துனாப்புல வச்சாங்க. கத்திரிப்பூக் கலரு அவளுக்கு எடுப்பாத்தான் இருந்துச்சு. அங்க கரண்டுலதான் எரிக்கிறாங்க. கதவு தெறந்துச்சு, மூடுனுச்சு. மறு நா படகுல போயி மருமகன் சாம்பலக் கரைச்சான். நானும் கூடப் போனேன். காரியத்துக்கு இருக்கலாம்னா விசா முடியிற நேரம். அதனால போட்ட டிக்கெட்டுலயே கெளம்புனேன். அவ டிக்கெட்ட மட்டும் மருமகன் கேன்சல் பண்ணுனான்.

ஏர்போர்ட்டுல பெட்டியப் போட்டதுக்கப்பறம், "நேரா உள்ள போயிரலாம் மாமா"ன்னான்.

"அந்த லைன்ல நிக்கணும் மாப்ள"ன்னேன்.

"சேலை இல்லாம எப்புடி மாமா? நாம கேக்காட்டி அவுங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அது பாட்டுக்கு விட்டுறலாம்."

"தெரியும். காசுக்கு இல்ல. அவ நிக்கணும்னு ஆசப்பட்டா."

அவனும் கூட வந்து நின்னான். எங்களுக்கு முன்னாடி ரெண்டு புள்ளைகளோட ஒரு குடும்பம். பை மேல பை. தகப்பன் எதையோ காணோம்னு தேடுறான், பொண்டாட்டி அவன வஞ்சுக்கிட்டு இருக்கா, புள்ளைக பை மேல ஏறி உக்காந்துக்கிட்டுச் சிரிக்கிதுக. அவ சொன்னது சரிதான், எல்லாம் ஊருக்குப் போற சந்தோசம். மிஷின்ல பாஸ்போர்ட்ட வச்சான் மருமகன். சேலைக் கடை பேரு வந்துச்சுன்னான். அமுக்குனான். கவுண்டருல போயிச் சாமானக் காட்டச் சொல்லுதுன்னான்.

கவுண்டருல இருந்தது நம்ம தமிழ்ப் பிள்ளதான். சின்ன வயசு.

"சேலைங்களா ஐயா? எடுத்துக் காட்டுங்க."

"இல்லம்மா"ன்னேன்.

"பெட்டியில வச்சு அனுப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்."

"தங்கச்சியும் ஒங்க கூட ஊருக்கு வாராங்களா?"

"வரலம்மா. இங்கதான் இருக்கு."

"அப்ப வரி திரும்பக் கெடைக்காதுங்க ஐயா. சேலை ஒங்களோட வெளிய போகணும். இங்க இருக்குறவங்க கட்டிக்கிட்டா குடுக்க முடியாது"ன்னு பதவிசாச் சொல்லுச்சு. மருமகன் வாயெடுத்தான். நான் அவன் கையப் புடிச்சேன். அந்தப் பிள்ளக்கிட்ட எதுக்கு அதெல்லாம்? காலையில வேலைக்கு வந்த பிள்ள.

"சரிம்மா, கெடைக்காட்டிப் பரவால்ல"ன்னேன்.

"கட்டிப் பாத்தாங்களா? அவங்களுக்கு நல்லா இருந்துச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுத்துச்சு.

"கட்டிக்கிச்சும்மா. நல்லா இருந்துச்சு."

திருச்சியில எறங்கி வெளிய வந்தேன். வேனு நின்னுச்சு. வேன்காரன் கந்தர்வக்கோட்டை டவுனு. சிங்கப்பூருல நடந்தது அவனுக்குத் தெரியல போல, எங்க வீட்டுலயும் யாரும் சொல்லல. பின்னாடி சீட்டக் கழட்டிட்டு மெத்தையப் போட்டு, வெள்ளத் துணி விரிச்சு, சாஞ்சுக்கிறதுக்கு ரெண்டு தலகாணியும் வச்சு, ரோட்டுல குலுங்காம இருக்கணும்னு ஓரத்துல போர்வையச் சுருட்டி முட்டுக் குடுத்திருந்தான். அம்புட்டுப் பக்குவமா செஞ்சிருந்தான். என் கையில இருந்த பைய வாங்கிக்கிட்டு எனக்குப் பின்னாடியே பாத்தான்.

"எங்கய்யா, சீக்காளிய இன்னம் உள்ளயா வச்சிருக்காங்க? நான் வேணா போயித் தூக்கிட்டு வரவா?"

"இல்லப்பா. நான் மட்டுந்தான்"னேன்.

அவன் மெத்தையச் சுருட்டப் போனான். வேணாம், அது கெடக்கட்டும்னுட்டு முன்னாடி ஏறி உக்காந்தேன்.